தண்ணீர் ருசி கெட்டால்: பிரிட்ஜ் டிஸ்பென்சரைச் சோதிக்கும் முறை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளின் பாறைகள் பகலெல்லாம் உண்ட வெயிலை இரவெல்லாம் உமிழும் செஞ்சியின் அக்னி நட்சத்திர வெக்கையில், பிரிட்ஜின் கதவைத் திறவாமலே முகப்பிலுள்ள விசையை டம்ளரால் அழுத்த, ஜில்லென்று தண்ணீர் வந்து விழும் வசதி எத்தகைய பாக்கியம் என்பதை இவ்வூர்க்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே தண்ணீரில் ஒருநாள் பாசி நாற்றமோ, பிளீச்சிங் பவுடரின் நெடியோ, பழைய பிளாஸ்டிக்கின் கசப்போ தலைகாட்டிவிட்டால், அத்தனை விலை கொடுத்து வாங்கிய யந்திரத்தின் மேல் வரும் கோபம் சாமானியமானதன்று. அந்தக் கோபத்தை ஒரு நாள் ஒத்திவைக்கச் சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் முதல் வேண்டுகோள்.

இதை நான் சொல்வது சொந்த அநுபவத்தினால்தான். எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் தண்ணீர் மண்வாசனை அடிக்கிறதென்று வீட்டார் முறையிட, பழுது பார்ப்பவர் ஒருவரை வரவழைத்தேன். அவரும் வந்து, தண்ணீரை மோந்துகூடப் பாராமல் பில்டரைக் கழற்றிப் புதியது ஒன்றை மாட்டி, அதன் விலையையும் கூலியையும் பெற்றுக்கொண்டு போனார். இரண்டு வாரம் தேவலை. பிறகு அதே மண்வாசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு காரியமாக மொட்டைமாடிக்கு ஏறியபோதுதான், கோட்டையிலிருந்து ஊருக்குள் உலாவ வரும் குரங்குகளில் ஏதோ ஒன்று எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடியை ஒரு சாண் நகர்த்திவைத்திருந்ததையும், அந்த இடைவெளியில் விழுந்த வெயிலினால் தொட்டியின் உட்சுவரில் பச்சைப் பாசி கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருந்ததையும் கண்டேன். நோய் மாடியில், மருந்து போட்டதோ சமையலறையில்.

பிரிட்ஜ் தண்ணீரை உண்டாக்குவதில்லை. வாங்குகிறது, வைத்திருக்கிறது, கொடுக்கிறது. ருசி கெட்டது வாங்கியபோதா, வைத்திருந்தபோதா, கொடுக்கும் வழியிலா என்று தெரிந்துகொண்டால் பரிகாரம் தானே புலப்படும். தெரியாமல் செய்வதெல்லாம் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பதே.

நீர் வரும் வழியைப் பின்னோக்கித் தொடரும் இந்த யுக்தியைக் கற்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. இங்கே வருகிறவர்கள் மதிலைப் படம் பிடிக்கிறார்கள், குளங்களை எட்டிப் பார்ப்பவர் சிலரே. ஜுல்பிகார் கானின் மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தும் கோட்டை எளிதில் பணியாததற்கு மதிலின் கனம் மட்டுமா காரணம்? மலைமேல் உள்ள சுனைகளையும், அடிவாரத்துச் சக்கரக்குளத்தையும், தேசிங்குராஜனின் கதையோடு பெயர் பிணைந்த செட்டிக்குளத்தையும் நினைத்தால் அந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கல்யாண மஹாலின் மேல்தளங்களுக்கு மண்குழாய் வழியே நீர் ஏற்றப்பட்டதென்று கோட்டையைப் பற்றி எழுதியோர் வியந்து சொல்வர். அந்த மஹாலின் மேல்தளத்தில் தண்ணீர் கலங்கி வந்திருந்தால், காவலன் மஹாலை இடித்துப் பார்த்திருக்க மாட்டான். குழாயைத் தொடர்ந்துபோய்க் குளத்தில் நின்றிருப்பான். நாமும் அதையே செய்யப் போகிறோம்.

அதற்குமுன் உங்கள் பிரிட்ஜ் எந்த ஜாதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் உட்புறத்தில் சில லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி இருந்து, நாமே சொம்பால் மொண்டு நிரப்புவது ஒரு வகை. சுவரிலிருந்து மெல்லிய குழல் ஒன்று பின்புறமாக ஓடி, வால்வு, பில்டர், உள்ளே சுருண்டு கிடக்கும் சேமிப்புக் குழல் ஆகியவற்றைத் தாண்டி முகப்புக்கு வருவது மற்றொரு வகை. நம் பக்கத்து வீடுகளில் முதல் வகையே அதிகம். அவற்றிற் பலவற்றில் பில்டரே கிடையாது என்பதை அறியாமல் பில்டர் கேட்டுக் கடைகடையாய் அலைகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனிப் பரீக்ஷை. மூன்று எவர்சில்வர் டம்ளர்களைப் புளியோ சோப்போ வாசனை தங்காதபடி நன்றாகக் கழுவிக்கொண்டு, ஒன்றில் பிரிட்ஜுக்குள் போகும் தண்ணீரை, அதாவது கேன் தண்ணீரானால் கேனிலிருந்தும், குழாய்த் தண்ணீரானால் அந்தக் குழாயிலிருந்தும், ஆர்.ஓ. யந்திரத்து நீரானால் அதிலிருந்தும் பிடியுங்கள். இரண்டாவதில், இரவு முழுவதும் தொடாமல் விட்ட டிஸ்பென்சரிலிருந்து காலையில் விழும் முதல் தண்ணீரைப் பிடியுங்கள். அதன்பின் இரண்டு லிட்டர் தண்ணீரை ஒரு வாளியில் விட்டுவிட்டு, மூன்றாவதை நிரப்புங்கள். மூன்றையும் தட்டால் மூடி, குளிர்ச்சி முழுவதும் போகும்வரை ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். இதுதான் பலர் செய்யத் தவறும் காரியம். குளிர்ச்சி நாவை மந்தமாக்கும். வாசனைப் பொருள்களை நீரைவிட்டு எழவொட்டாமல் அடக்கிவைக்கும். ஆகையால் ஜில்லென்ற தண்ணீரில் ஒளிந்திருக்கும் குற்றம் வெதுவெதுப்பான தண்ணீரில் வெளிப்பட்டுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில், "இன்றைக்குத்தான் தண்ணீர் நாறுகிறது" என்று வீட்டில் சொல்வார்களே, அன்றைக்கு நாற்றம் பிறக்கவில்லை, அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் வெற்றிலை பாக்கும் புகையிலையும் தொடாத ஒருவரை, கூடுமானால் ஒரு பிள்ளையை அழைத்து, எந்த டம்ளர் எது என்று சொல்லாமல் மோந்தும் சுவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் பிரிட்ஜ் நிரபராதி, மூலத்தைப் பாருங்கள். முதல் டம்ளர் நன்றாயிருந்து இரண்டாவது மட்டும் கெட்டு, மூன்றாவது தேறியிருந்தால், தண்ணீர் குழலில் தேங்கி நின்றதே குற்றம். முதலாவது நன்றாயிருந்து மற்ற இரண்டும் கெட்டிருந்தால் தொட்டியையோ பில்டரையோ பிடித்துக்கொள்ளலாம்.

மூலம் கெட்டதென்று தெரிந்தால், கெட்ட ருசியின் குணமே அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும். பிளீச்சிங் நெடி பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் கிருமிநாசினியாகச் சேர்க்கும் குளோரினுடையது. அது நோயன்று, காவல். குடிநீருக்கான இந்திய தர நிர்ணயம் வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டுமென்கிறது. வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் நெடி பெரும்பாலும் போய்விடும். முட்டை அழுகினாற்போல் நாறினால், நெடுநாள் ஓடாமல் கிடந்த போர்க் கிணற்றில் ஊறிய வாயு அது. மோட்டாரை நன்றாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இரும்பு வாசனைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு: அந்தத் தண்ணீரில் போட்ட டீ வழக்கத்தைவிடக் கறுத்துப்போகும், கொஞ்ச நேரம் வைத்த தண்ணீரின் அடியில் செம்மண் போன்ற வண்டல் படியும்.

மண்வாசனையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிகுதியாக வரும் புகாரும் மிகுதியாகத் தவறாய் வைத்தியம் செய்யப்படுவதும் அதுவே. கோடை மழையின் முதல் துளிகள் விழுந்ததும் புழுதியிலிருந்து எழுந்து நம்மை மகிழ்விக்கும் அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளை மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும், நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசியும் உண்டாக்குகின்றன. ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. முற்றத்தில் மணமாயிருப்பது டம்ளரில் நாற்றமாவது மனுஷ்ய சுபாவத்தின் விசித்திரம்! அதனால் உடம்புக்குக் கெடுதி இல்லையென்றாலும், வெயிலும் தேக்கமும் எங்கோ சேர்ந்திருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. மாடித் தொட்டியின் மூடி பொருந்தியிருக்கிறதா, தொட்டியைக் கடைசியாய்க் கழுவியது எப்போது, கேன் தண்ணீரானால் கடைக்காரர் கேன்களை வாசலில் வெயில் படவே அடுக்கிவைக்கிறாரா என்பவற்றை விசாரியுங்கள்.

உப்பும் கடுப்பும் வேறு விஷயம். பாறையின் வெடிப்புகளில் ஊறிவரும் கிணற்று நீர் கல்லின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருவதால், அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். இதைப் பிரிட்ஜின் பில்டர் ஒருநாளும் நீக்காது. அந்தப் பில்டருக்குள் இருப்பது கரி. பெரும்பாலும் நம் கொட்டாங்கச்சியைச் சுட்டுச் செய்த கரிதான். அது குளோரினையும் வாசனைகளையும் பற்றிக்கொள்ளும், கரைந்த உப்பைத் தொடாது. கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நலமென்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை பொறுக்கலாமென்றும் இந்திய தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. 600-க்குள் ருசி நன்றாயிருக்கும், 1,000-ஐத் தாண்டினால் வரவர வாய்க்கு ஒவ்வாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இத்தகைய நீருக்கு ஆர்.ஓ. தவிர வீட்டளவில் சுலபமான வழியில்லை. அதிலும் உப்பை அடியோடு எடுத்துவிட்டால் தண்ணீர் சப்பென்றாகி, "இது தண்ணீர்தானா?" என்று விருந்தினர் கேட்பார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வாசலுக்கு வந்து, இரண்டு கம்பிகள் நீட்டிய சிறு கருவியை உங்கள் தண்ணீரில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் செங்கல் நிறமாகி நுரைப்பதைக் காட்டி, "இதையா குடிக்கிறீர்கள்?" என்று கேட்கும் வியாபாரியை நம்பாதீர்கள். அந்த நிறம் பெரும்பாலும் அவர் கொண்டுவந்த இரும்புக் கம்பியிலிருந்து கரைந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரையும், அவ்வளவே. பேனாவைப் போலிருக்கும் டி.டி.எஸ். மீட்டர் உபயோகமானதுதான், ஆனால் அது உப்பை மட்டும் அளக்கும், வாசனையையோ குளோரினையோ கிருமியையோ அறியாது.

குற்றம் பிரிட்ஜினுடையதே என்று பரீக்ஷை தீர்ப்புச் சொன்னால், தொட்டி வகைக்காரர்கள் முதலில் தொட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, மூலைகளில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டிய ஏடு அது. இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும்: ஆர்.ஓ. நீரும் கேன் நீரும் குளோரின் நீங்கியவையாகையால், குழாய் நீரைவிடச் சுத்தமானவையென்று நாம் நம்பும் அவற்றில்தான், தேங்கவிட்டால் இந்த ஏடு விரைவாக வளர்கிறது. காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைத்தாற்போல. ஆதலால் தொட்டியை வாரம் ஒருமுறை, பழைய நீரின்மேலேயே புது நீரை ஊற்றாமல், முழுவதும் கொட்டிக் கழுவ வேண்டும். புதுத் தொட்டியின் பிளாஸ்டிக் வாசனைக்கு, வெதுவெதுப்பான ஒரு லிட்டர் நீரில் இரண்டு கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து ஓர் இரவு ஊறவைப்பது போதும். கொதிநீரை ஊற்றினால் தொட்டி நெளிந்து, மூடி பிறகு பொருந்தாது. வழவழப்பிருந்தால் மெல்லிய பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, வாசனை சேர்க்காத 5 சதவீதத் திரவ பிளீச்சை லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் கலந்த நீரை அரைமணி நேரம் நிறுத்தி, அதையே டிஸ்பென்சர் வழியாகவும் கொஞ்சம் வெளியேற்றி, நெடி போகும்வரை நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். வெள்ளைப் படிவைக் கரைக்க வினிகரையும் பயன்படுத்தலாம். ஆனால் வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். தண்ணீர் விழும் மூக்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: குழந்தைகள் எச்சில் டம்ளரை வைத்து அழுத்துமிடம் அதுதான். பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்துப் பாருங்கள். பஞ்சின் நிறமே சொல்லும்.

குழல் வகைக்காரர்களுக்குப் பில்டர்தான் முதல் சந்தேகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமென்பது பொதுவான கணக்கு. காலாவதியான கரி பற்றிக்கொள்வதை நிறுத்துவதோடு, ஈரமும் இருளும் சேர்ந்த குடிலாகி நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுக்கும். புதிதாய் மாட்டியதும் பத்துப் பன்னிரண்டு லிட்டர் நீரை வெளியேற்றாமல் குடிக்கக் கூடாது. முதலில் வரும் கறுப்புத் தூள் கரிப்பொடியே. வெளியேற்றியதைத் துளசி மாடத்துக்கு ஊற்றுங்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினாலும் இதையே செய்ய வேண்டும். ஐஸ் கட்டும் பகுதியை உபயோகிக்காமல் விட்டிருந்தால் அதற்குப் போகும் கிளைக் குழல் போக்கிடமற்ற முட்டுச்சந்து. நம் கோட்டையில் கைதிகள் கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்களே, பெரும்பாறையில் இயற்கையாய் அமைந்த துளையின் அடியை அடைத்து, உள்ளே போட்டவன் வெளியேற வழியில்லாமல் செய்தது. அப்படிப்பட்ட குழலில் அகப்பட்ட தண்ணீருக்கும் அதே கதிதான். பழுது பார்ப்பவரைக் கொண்டு அந்தக் கிளையை மூடிவிடுவது உத்தமம்.

தண்ணீரும் குழலும் சுத்தமாயிருந்தும் ருசி கெட்டால், பக்கத்துத் தட்டைப் பாருங்கள். மூடாத கருவாடு, நறுக்கிய வெங்காயம், பலாச்சுளை, புளித்த இட்லி மாவு, வெள்ளிக்கிழமைக்கென்று வாழையிலையில் கட்டிவைத்த மல்லிகைப்பூ ஆகிய இவையெல்லாம் தொட்டி மூடியின் சிறு இடுக்கு வழியாகத் தண்ணீரில் வந்து குடியேறும்; ஐஸ் கட்டிகள் இன்னும் மோசம். மல்லிகை மணக்கும் தண்ணீர் ஒரு வேளைக்கு நன்றாயிருக்கும், மறுவேளைக்குக் குமட்டும்.

ருசியைப் பற்றியே இத்தனை சொன்ன நான், ருசி வேறு, சுத்தம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தது முதல் 1761-இல் ஆங்கிலேயர் வசமானது வரை இக்கோட்டையில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். கர்நாடகத்திலேயே உடம்புக்கு ஆகாத இடமென்று பெயரெடுத்த இங்கே அவர்கள் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை இழந்ததாகச் சரித்திராசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதினார். அத்தனை பேரைக் கொண்டுபோனது நீரோ காற்றோ கொசுவோ, எதுவாயினும் அது நாவுக்குத் தெரிந்து வந்திராது. வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தாலோ, தண்ணீரின் நிறமும் ருசியும் மழைக்குப்பின் திடீரென்று மாறினாலோ, டிஸ்பென்சரை நிறுத்திவிட்டுக் காய்ச்சி ஆறிய நீரைக் குடியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்துத் தரச் சொல்லுங்கள். கிருமிச் சோதனைக்குரிய நீரை அவர்கள் தரும் சுத்தி செய்த புட்டியில்தான் பிடிக்க வேண்டும். வீட்டு ஊறுகாய் ஜாடியில் கொண்டுபோனால் அந்த ஜாடியின் ஜாதகம்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. பில்டர் மாற்றிய தேதியையும், பிரிட்ஜ் தொட்டியும் மாடித் தொட்டியும் கழுவிய தேதிகளையும் ஒரு சீட்டில் எழுதிப் பிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். மாடித் தொட்டியின் மூடிமேல், குரங்கு தூக்க முடியாத கனத்தில் ஒரு கல்லையும் வையுங்கள். செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமில்லை.